புலப்படத்தை மட்டும் கொடுங்கள்

தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி, சேத்தூர் சுற்றுவட்டாரத்தில் நைட்டியும் இன்ஸ்கர்ட்டும் தைத்து அனுப்பும் அண்ணாச்சிமார்களுக்கு,

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். என் அம்மா ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து எங்களை வளர்த்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிசிறு வெட்டி, பட்டன் வைத்து, டஜன் டஜனாக மடித்துக் கட்டி, உங்கள் கடைகளுக்குச் சைக்கிளில் பண்டல் கொண்டுவந்து போட்டவள் நான். இன்று கோயம்புத்தூரில் வேலை. கம்பெனிகள் அடுத்த மூன்று வருடத்தில் எங்கே போக வேண்டும், அதற்கு எது எதைச் சார்ந்திருக்கிறது என்று கணினியில் வரைபடமாகப் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். உங்களிடம் நேரில் சொல்ல வேண்டியதை நான்கு வருடமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். இனியும் தள்ளிப்போட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் நமக்காக ஒரு படம் போட்டேனே, நினைவிருக்கிறதா? தொடர்ந்து பல ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கட்டிங் மேஜைகளின் ஓரத்தில் நின்று கேட்டுக் கேட்டுப் போட்ட படம் அது. துணி ஜெத்பூரிலிருந்து வருகிறதா, பலோத்ராவிலிருந்து வருகிறதா, ஈரோட்டிலிருந்து வருகிறதா, எத்தனை நாள் கடன், யார் வெட்டுகிறார், எந்தத் தெருவுக்குப் பண்டல் போகிறது, பீஸுக்கு என்ன கூலி, எந்த மாதம் கை சும்மா இருக்கிறது, சரக்கு எந்த ஊர்க் கடைக்குப் போகிறது, பணம் எப்போது திரும்புகிறது. எல்லாவற்றையும் சொன்னீர்கள். ஓவர்லாக் அக்காவின் மகள் கேட்கிறாள் என்பதற்காகச் சொன்னீர்கள். வேறு யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அந்தப் படம் நமக்கு ஒன்றைக் காட்டியது. சரக்கு தாமதமாவது தையலில் என்றுதான் நீங்கள் எல்லாரும் சொல்லிவந்தீர்கள். படத்தில் அப்படி இல்லை. வெட்டிய பண்டல் ஜிப்புக்கும் லேஸுக்கும் காத்துக் கிடந்தது. ஒரே தெருவில் மூன்று பேர், ஒரே கிழமையில், ஒரே சாமானுக்கு மதுரைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் ஓர் அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “இத்தனை வருஷம் இதைப் பார்க்காமலா இருந்தோம்” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

அதே படத்தை வைத்துத்தான் உங்களுக்குக் கெடுதலும் செய்தேன்.

பொது வசதி மையம் ஒன்றுக்கான திட்ட அறிக்கை எழுத வெளியூர் ஆலோசகர் ஒருவர் வந்தார். மாதத்துக்கு எத்தனை உருப்படி தைக்க முடியும், எத்தனை மிஷின் ஓடுகிறது, எங்கே இடறுகிறது, இவ்வளவுதான் அவருக்குத் தேவை. நான் முழுப் படத்தின் இணைப்பையும் அனுப்பினேன். இணைப்பு கையில் இருக்கும் எவரும் திறக்கலாம், திருத்தலாம் என்ற அனுமதியோடு அனுப்பினேன். படத்தின் அடுக்குகளில் கூலி விவரம் இருந்ததை மட்டும் அணைத்து வைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாததால் அது போகாது என்று நினைத்தேன். இதையே தொழிலாகச் செய்கிறவள் அப்படி நினைத்தது மன்னிக்கக்கூடிய தவறு இல்லை.

படம் அவரிடமிருந்து யாரிடம் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அடுத்த சீசனில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வெளியூர் வியாபாரி ஒருவரின் ஆட்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். எந்த வீட்டில் யோக் வைத்துச் சுத்தமாகத் தைப்பார்கள், எந்த வீட்டில் பைப்பிங் நன்றாக வரும், யாருக்கு என்ன கூலி போகிறது என்று வழி கேட்காமலேயே வீடு வீடாகப் போனார்கள். பீஸுக்கு ஒரு ரூபாய் கூடுதல் என்றார்கள். இரண்டு மாதம் கொடுத்தார்கள். கடைசி லோடுக்குக் கணக்கு முடிக்காமலேயே போய்விட்டார்கள்.

உங்களுக்கு ஆர்டர் தவறியது, கடைக்காரரிடம் பேர் கெட்டது. அந்தக் கணக்கில் என் பங்கு பெரிது. அதை இங்கே எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணாச்சி, உங்கள் பங்கும் ஒன்று இருக்கிறது. கூலியை இழந்து திரும்பிவந்த அக்காமார்களுக்கு அந்த வருடம் முழுக்கப் பண்டல் கொடுக்கவில்லை நீங்கள். ஒரு ரூபாய்க்குப் போனவர்கள் என்று பேசினீர்கள். ஒரு ரூபாய் ஒரு பீஸுக்கு. ஒரு நாளைக்கு எத்தனை பீஸ், மாதத்துக்கு எத்தனை என்று பெருக்கிப் பார்த்தால் பிள்ளையின் பள்ளி வேன் கட்டணம் அது. அவர்களுக்கு அந்தப் படத்தைப் பற்றியே தெரியாது. தங்கள் பேரும் தெருவும் கூலியும் யாரோ ஒருவருடைய கணினிக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்றுகூடத் தெரியாது.

அதற்குப் பிறகு நீங்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டீர்கள். கோபம் நியாயமானது, பூட்டியதில் நியாயம் இல்லை. அடுத்த வருடம் ஒரு கல்லூரியிலிருந்து ஆடை வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் ஆசிரியரோடு வந்தார்கள். அவர்கள் கேட்டது அளவு அட்டையும், துணியின் பன்னாவும், ஒரு லேயில் எவ்வளவு கட்பீஸ் வீணாகிறது என்பதும்தான். பேட்டர்னைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் துணி மிஞ்சுமா என்று பார்க்க வந்தவர்கள். அவர்கள் கூலி விவரம் கேட்கவில்லை, கடைப் பெயர் கேட்கவில்லை. நீங்கள் அவர்களை டீ கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். வங்கியிலிருந்து வந்தவரிடம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொன்னீர்கள், எல்லாம் குறைத்துச் சொன்னது. அந்த எண்களைக் கூட்டினால் நம் ஊரில் தொழிலே நடக்கவில்லை என்றுதான் வரும். அவரும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போயிருப்பார்.

திறந்தால் முழுதும் திறப்பது, மூடினால் முழுதும் மூடுவது. இந்த இரண்டைத் தவிர வேறு வழி தெரியாத ஊரா நம்முடையது? உங்களில் யாருக்காவது நிலம் வாங்கியோ விற்றோ பழக்கம் இல்லாமல் இருக்கிறதா?

நிலம் விஷயத்தில் நாம் எவ்வளவு விவரமாக இருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கிராம வரைபடம் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஊரின் எல்லாச் சர்வே எண்ணும் இருக்கும், கண்மாயும் ஓடையும் வண்டிப் பாதையும் இருக்கும். ஆனால் ஒரு புலத்தின் கோட்டளவும் இருக்காது. புலப்படம் என்று இன்னொன்று இருக்கிறது. நீங்கள் எஃப்.எம்.பி. என்று சொல்வீர்கள். அதில் ஒரே ஒரு சர்வே எண், ஆனால் அளவுகள் மீட்டர் கணக்கில் முழுதாக. சுற்றிலும் பக்கத்துப் புலத்தின் எண் மட்டும் விளிம்பில் எழுதியிருக்கும். அந்தப் புலத்துக்குள் என்ன என்று இருக்காது. நிலம் யாருடையது என்பது இந்த இரண்டிலும் இல்லை. அதற்குப் பட்டா, சிட்டா என்று தனிக் காகிதம். கிணறு தோண்டக் கடன் கேட்கிறவர் தன் புலத்தின் காகிதத்தை மட்டும் எடுத்துப்போவார். ஊர் முழுக்க இருக்கிற சிட்டாவைச் சுருட்டிக்கொண்டு எவராவது வங்கிக்குப் போவாரா? நான் போனேன்.

இந்த மூன்று காகிதத்தையும் பிரித்து வைத்ததில் எவ்வளவு யோசனை இருக்கிறது. ஊர் முழுவதும் தெரிய வேண்டியவருக்கு அளவு இல்லாத படம். அளவு வேண்டியவருக்கு ஒரு துண்டு மட்டும். பேர் வேண்டியவருக்குத் தனிப் பதிவேடு, அதற்குத் தனிக் காரணம். நம் தொழில் படத்தையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இப்போது ஏன் இந்த அவசரம் என்று கேட்பீர்கள். 2023 மார்ச்சில் நம் மாவட்டத்துக்குப் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா அறிவித்தார்கள். இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர். நூற்பிலிருந்து ஆடை வரை ஒரே இடத்தில் என்பது அதன் நோக்கம். பெரிய கம்பெனிகள் வரும்போது சுற்றியிருக்கும் தையல் ஊர்களைக் கணக்கெடுக்க ஆள் வரும். ஆலோசகர் வருவார், வங்கி வரும், பெரிய கடைகளின் கொள்முதல்காரர் வருவார், இணையத்தில் விற்பவர் வருவார். ஒவ்வொருவரும் உங்கள் தொழிலைப் பற்றி ஒரு படம் கேட்பார்கள். நீங்கள் கொடுக்காவிட்டால் அவர்களே ஒன்று போட்டுக்கொள்வார்கள். அதில் நீங்கள் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு புள்ளியாக மட்டும் இருப்பீர்கள். உங்கள் கட்டிங் மாஸ்டர் துணியைக் கையால் தடவியே சுருங்குமா சுருங்காதா என்று சொல்லிவிடுவாரே, அது அந்தப் படத்தில் எங்கே இருக்கும்?

சொன்னால் தொழில் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்கள். அங்கே பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டுக்கு விண்ணப்பிக்கும் எவரும் எந்த எல்லைக்குள் செய்கிறோம் என்று வரைபடம் தர வேண்டும், எப்படிச் செய்கிறோம் என்று முறையை எழுதித் தர வேண்டும். சட்டமே அப்படி. கொடுத்தார்கள். அதற்காக எந்தக் கடைக்கு எந்த வீட்டுப் பால் வருகிறது, எவரிடம் எவ்வளவு பாக்கி என்றெல்லாம் கொடுக்கவில்லை. ஊருக்குச் சொந்தமானதை ஊர் சொன்னது, கடைக்குச் சொந்தமானது கடையிலேயே இருக்கிறது. ஆண்டாள் கோயில் வாசலில் இன்றும் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இனி, எப்படிப் பிரிப்பது. இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். நான் தவறிய இடம் இது.

முதலாவது, மறைப்பது வேறு, எடுத்துவிடுவது வேறு. படம் போடும் செயலிகள் பெரும்பாலானவற்றில் அனுமதி என்பது முழுப் படத்துக்கும் சேர்த்துத்தான். கூகுள் மை மேப்ஸில் பத்து அடுக்கு வரை வைக்கலாம்; ஆனால் ஓர் அடுக்கை மட்டும் ஒருவரோடு பகிர வழி கிடையாது. நீங்கள் ஓர் அடுக்கை அணைத்து வைத்தால், எதிரில் இருப்பவர் அதைத் தட்டினால் எரியும். எக்செல் தாளில் ஒரு பத்தியை மறைத்து அனுப்பினாலும் அப்படித்தான், இரண்டு சொடுக்கில் திறந்துகொள்ளும். சரி, அழித்துவிட்டே அனுப்புகிறேன் என்று அதே கூகுள் தாளைத் திருத்தும் அனுமதியோடு கொடுத்தால், பழைய பதிப்புகளின் வரிசையைத் திறந்து நேற்று என்ன இருந்தது என்று பார்த்துவிடலாம். ஆகவே மூலப் படத்தை வெளியே காட்டவே கூடாது. வெளியாளுக்கு வேண்டிய துண்டை மட்டும் நகலெடுத்துப் புதிய கோப்பாகப் போட்டு, அதைத்தான் கொடுக்க வேண்டும். கத்தரித்த துண்டு கொடுக்கலாம். மடித்துக் குத்திய துணியைக் கொடுத்தால் ஊசியைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

அடுத்தது பேர். மூலப் படத்தில் பேர் இருக்கட்டும். வெளியே போகும் துண்டில் குறி எண் மட்டும் இருக்க வேண்டும். இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. குறி எண் போட்டாலும், கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் ஊரில் ஒருவரிடம்தான் இருக்கிறது என்றால், அந்த எண் யார் என்று மதுரையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். 2018 ஜனவரியில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு செய்தி இது: ஓடுபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் பயன்படுத்தும் ஸ்ட்ராவா என்ற செயலி, எல்லாருடைய ஓட்டப் பாதைகளையும் ஒன்றாகச் சேர்த்து, எவர் பேரும் இல்லாமல், ஒளிரும் படமாக வெளியிட்டிருந்தது. ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் ஆளில்லாத இருட்டுக்கு நடுவே சில இடங்கள் மட்டும் ஒளிர்ந்தன. ராணுவ முகாமைச் சுற்றிச் சிப்பாய்கள் ஓடிய பாதை அது. முகாமின் வடிவமே தெரிந்தது. ஒரு பேர்கூட இல்லை. அதனால்தான், ஒரே ஒருவர் மட்டும் செய்கிற வேலையை வெளித் துண்டில் தனியாகக் காட்டக் கூடாது. பக்கத்து வேலையோடு சேர்த்து ஒரே கட்டமாக்க வேண்டும். கூலியையும் கடன் நாளையும் சரியான எண்ணாகக் கொடுக்காமல், இதிலிருந்து இதுவரை என்று கொடுக்க வேண்டும்.

கடன் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் படத்திலேயே நீங்கள் மிகவும் தயங்கிச் சொன்னது அதுதான் என்று எனக்குத் தெரியும். கௌரவம் சம்பந்தப்பட்டது. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது; எந்தக் கடைக்காரரிடம் நீங்கள் அதைச் சொல்ல முடிந்தது? தனியாக ஒருவர் சொன்னால் அடுத்த ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். ஆனால் பேர் இல்லாமல், எல்லாருடைய கணக்கையும் கூட்டி, இந்த வட்டாரத்தின் பணம் இத்தனை நாள் இத்தனை லட்சம் வெளியே நிற்கிறது என்ற ஒரே துண்டை வங்கிக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கும் காட்ட முடிந்தால், அது கௌரவக் குறைவு ஆகாது. அது நம் கோரிக்கைக்கு வேண்டிய ஆதாரம்.

பார்க்க விடுவதையும் எடுத்துப்போக விடுவதையும் பிரித்து வையுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு நில வரைபடத் தரவுகளுக்குப் புதிய வழிமுறை கொண்டுவந்தது. இந்தியக் கம்பெனிகளுக்குக் கதவை அகலத் திறந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கோ மிக நுணுக்கமான தரவை இந்தியக் கம்பெனியிடம் உரிமம் பெற்றுத்தான் பயன்படுத்தலாம், அதையும் தங்கள் சர்வருக்குக் கொண்டுபோகாத வகையில்தான் பயன்படுத்தலாம் என்று வைத்தது. ஒரு நாடே கதவைத் திறக்கும்போது எந்த அறை வரை என்று சொல்லித் திறக்கிறது. நாமும் வருகிறவருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுப்போம், அவர் மின்னஞ்சலுக்கு மட்டும் கொடுப்போம், வேலை முடிகிற தேதியோடு கொடுப்போம். தேதி வந்ததும் அனுமதியை எடுத்துவிட ஓர் ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும். போன தடவை நான் கொடுத்த இணைப்பு ஒன்றரை வருடம் திறந்தே கிடந்தது.

திரையில் தெரிவதை அவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்பீர்கள். எடுக்கலாம். அதை எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது. அதனால்தான் துண்டிலேயே குறைவாக இருக்க வேண்டும் என்கிறேன், அதனால்தான் காகிதமும் வேண்டும் என்கிறேன். வணிக ரகசியத்தைக் காக்க நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியதுதான் நீதிமன்றத்தில் நமக்கு முதல் பலம். என்ன காட்டினோம், எதற்குக் காட்டினோம், வேறு யாருக்கும் தரக் கூடாது என்று முத்திரைத்தாளில் ஒரு பக்கம். துணி வாங்க செக் எழுதும்போது இருக்கும் கவனத்தில் பாதி போதும். அந்த ஒரு பக்கத்தை நான் வாங்கியிருந்தால் இன்று யாரிடம் கேட்பது என்றாவது நமக்குத் தெரிந்திருக்கும்.

துண்டு கொடுத்தவுடன் வேலை முடிந்துவிடாது. கல்லூரிப் பிள்ளைகள் அதில் ஒரு திருத்தம் சொல்வார்கள். வங்கிக்காரர் ஓர் எண்ணைக் கேள்வி கேட்பார். நகலில் விழுந்த திருத்தம் மூலத்துக்குத் தானாகப் போகாது. போகவும் விடக் கூடாது. நம் ஆள் ஒருவர் உட்கார்ந்து, சரியானதை மட்டும் மூலத்தில் ஏற்ற வேண்டும். மூலத்தில் ஏதாவது மாறினால் பழைய துண்டை வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் தேதியும், இந்த இடத்திலிருந்து அடுத்த துண்டு தொடங்குகிறது என்ற குறியும் இருக்க வேண்டும், புலப்படத்தின் விளிம்பில் பக்கத்து எண் இருப்பதுபோல. இல்லாவிட்டால் துண்டை வைத்திருப்பவர் அதுவே முழு ஊர் என்று நினைத்துத் திட்டம் போடுவார்.

இதுவரை வெளியாட்களைப் பற்றி எழுதினேன். இதை எழுத உட்காரும்போது என் மனதில் இருந்தது வேறு ஒன்று. வெளியாள் என்றால் யார் அண்ணாச்சி? முன்பின் தெரியாத ஆலோசகருக்கு முழுப் படமும் போனது. இருபது வருடமாக உங்களுக்குத் தைக்கிற அக்காவுக்கு ஒரு மூலைகூடக் காட்டப்படவில்லை.

தொழில் உத்தியைப் படமாகப் போடும் முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர்கள் ராபர்ட் கப்லானும் டேவிட் நார்ட்டனும். 2004-ல் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்கள். அவர்கள் படத்தில் நான்கு வரிசை. மேலே பணம். அதற்குக் கீழே வாடிக்கையாளர். அதற்கும் கீழே வேலை நடக்கும் முறை. எல்லாவற்றுக்கும் அடியில், வேலை செய்கிறவர்களின் திறமையும் கற்றுக்கொள்ளலும். அம்புக்குறி எல்லாம் கீழிருந்து மேலே போகும். கம்பெனிகளுக்கு இந்தப் படத்தைப் போடும்போதெல்லாம் அந்த அடிவரிசையில் எனக்கு என் அம்மாதான் தெரிகிறார்.

பாகிஸ்தானில் சியால்கோட் என்று ஓர் ஊர். உலகத்துக்குக் கால்பந்து தைத்துக் கொடுக்கும் ஊர். நம்மைப் போலவே சிறு சிறு பட்டறைகள். பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் அங்கே ரெக்சின் துண்டுகள் வெட்டும் அச்சை மாற்றி வடிவமைத்தார்கள்; புதிய அச்சில் ரெக்சின் வீணாவது குறையும். இலவசமாகவே பட்டறைகள் சிலவற்றுக்குக் கொடுத்தார்கள். ஓராண்டுக்கு மேலாகியும் ஒரு சில பட்டறைகளைத் தவிர எவரும் பயன்படுத்தவில்லை. ஏன் என்று தேடினார்கள். வெட்டுகிறவர்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி. புதிய அச்சு ஆரம்பத்தில் கையைத் தாமதப்படுத்தும். மிஞ்சும் ரெக்சின் முதலாளிக்கு, குறையும் கூலி தொழிலாளிக்கு. ஆகவே இந்த அச்சு சரிப்படாது என்று முதலாளிகளிடம் சொல்லிவிட்டார்கள், முதலாளிகளும் நம்பிவிட்டார்கள். பிறகு சில பட்டறைகளில் மட்டும், புதிய அச்சில் வெட்டிக் காட்டும் தொழிலாளிக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் ஒரே தடவையாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பட்டறைகள் சிலவற்றில் அச்சு ஓடத் தொடங்கியது. இந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அதைப் படித்த அன்று நம் ஊர்த் தெருக்கள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. பேட்டர்னை மாற்றி, லேயை மாற்றி, கல்லூரிப் பிள்ளைகள் எவ்வளவு நல்ல யோசனை கொடுத்தாலும், அது உங்கள் கட்டிங் மாஸ்டருக்கும் ஓவர்லாக் அக்காவுக்கும் என்ன கொடுக்கிறது என்று படத்தில் எழுதாவிட்டால், மேஜையில் அது நிற்காது. அவர்கள் உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

எனவே தையல்கார அக்காமார்களுக்கும் ஒரு துண்டு போக வேண்டும். எந்த மாதம் வேலை குறையும், எந்த வகைத் தையலுக்கு எதிர்காலம் இருக்கிறது, புதிதாக எதைக் கற்றுக்கொண்டால் கூலி ஏறும். இதைச் சொல்வதால் உங்களுக்கு என்ன நட்டம்? தெரியாததால்தான் ஒரு ரூபாய்க்கு வேன் ஏறினார்கள். மேலும், அவர்கள் பேரும் கைப்பேசி எண்ணும் நம் கோப்பில் இருப்பது அவர்களுக்குத் தெரிந்து, அவர்கள் சம்மதித்து இருக்க வேண்டும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் அடிப்படையாக வைக்கிறது. சட்டம் வராமல் இருந்திருந்தாலும் நான் இதைக் கேட்டிருப்பேன்.

மூலப் படம் என்னிடம் இருக்கக் கூடாது. இது என் வேண்டுகோளின் முதல் பகுதி. ஒரு தனி ஆளின் மின்னஞ்சலில் ஓர் ஊரின் தொழில் இருந்ததே பிழை. உங்கள் பொதுப் பெயரில் ஒரு கணக்குத் திறப்போம். திறவுகோல் மூன்று பேரிடம் இருக்கட்டும்: முதலாளிகளில் ஒருவர், கட்டிங் மாஸ்டர்களில் ஒருவர், தையல்கார அக்காமார்களில் ஒருவர். எந்தத் துண்டு எவருக்குப் போனது, எந்தத் தேதிவரை என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் கையால் எழுதி வைப்போம். கணினி தெரியாதவரும் புரட்டிப் பார்க்கலாம். நோட்டில் பதியாத எந்தத் துண்டும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது பகுதி உங்களுக்குக் கஷ்டமானது. நான்கு வருடத்துக்கு முன் சொன்னதை எல்லாம் மறுபடியும் ஒரு தடவை சொல்லுங்கள். பழைய படம் பழையதாகிவிட்டது. துணி விலை மாறிவிட்டது, புது மிஷின் வந்திருக்கிறது, சிலர் தொழிலையே விட்டுவிட்டார்கள், பிள்ளைகள் சிலர் கைப்பேசியிலேயே நேரடியாக விற்கிறார்கள். ஒருமுறை உங்களைக் கைவிட்டவளிடம் மறுபடி சொல்லச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரிகிறது. என் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் வேறு ஒருவரைப் படம் போட வையுங்கள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம். ஆனால் படம் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு நான் ஊரில் இருப்பேன். காலை பத்து மணிக்கு, போன தடவை கூடிய அதே இடத்தில் கூடுவோம். என்னிடம் இருக்கிற பழைய படத்தை உங்கள் எல்லார் முன்னாலும் திரையில் போட்டு, அதில் எது கிராம வரைபடம், எது புலப்படம், எது சிட்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரிக்க வேண்டும். பிரித்து உங்கள் கணக்குக்கு மாற்றியதும் என்னிடம் உள்ளதை அங்கேயே அழித்துவிடுகிறேன். கட்டிங் மாஸ்டரையும் அழைத்து வாருங்கள். அந்த வருடம் பண்டல் மறுக்கப்பட்ட அக்காமார்கள் வீட்டுக்கு நீங்களே நேரில் போய், அவர்களையும் வரச் சொல்லுங்கள். நான் போய்க் கூப்பிட்டால் வரமாட்டார்கள். நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள்.

உங்கள் ஊர்ப் பெண்,
ஓவர்லாக் அக்காவின் மகள்